400 பிரதியா, 1000 பிரதியா? சிறிய கலைப் பதிப்பின் விநியோகக் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கரிக்கோல் ஓவியங்களும் மைக்கோட்டு ஓவியங்களுமாக 96 பக்கத்தில் ஒரு புத்தகம் தயாராக இருக்கிறது; சிவகாசியில் 400 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் மதிப்பீடு வாங்கியிருக்கிறீர்கள்; இரண்டுக்கும் வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதால் 1000 பிரதி அடித்து, விற்பனை முழுவதையும் ஒரு விநியோகஸ்தரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். 400 போதும், முழு விநியோகத்தையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்பது என் பதில். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தின் அளவு, எடை, தாள், அட்டை, விலை ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு முடிவே நிர்ணயிக்கப்போகிறது.

முதலில் மதிப்பீட்டுக் கணக்கு. ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போடுவது, இயந்திரத்தில் மையைச் சரிசெய்வது, முதல் சில நூறு தாள்களை வீணாக்குவது ஆகியவை 400 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒரே செலவுதான். அதற்கு மேல் கூடுவது தாளும் பைண்டிங்கும் மட்டுமே. பேச்சுக்கு, 400 பிரதிக்கு ஒன்றின் அடக்கம் 300 ரூபாய், 1000 பிரதிக்கு 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு முறையே 1,20,000 ரூபாயும் 1,90,000 ரூபாயும் ஆகும். கூடுதல் 70,000 ரூபாய்க்கு 600 பிரதிகள் கிடைப்பதுபோல் தோன்றும். இந்தத் தோற்றத்தில் விழாத புதிய பதிப்பாளர் அரிது. விலை 900 ரூபாய் என்றால், நீங்களே நேரடியாக விற்கும்போது சிறிய பதிப்பின் முதல் 134 பிரதிகளில் அச்சுச் செலவு திரும்பிவிடும். பெரிய பதிப்பில் அதற்கு 212 பிரதிகள் விற்க வேண்டும். அதே புத்தகத்தை 55 சதவீதக் கழிவில் (விலைத் தள்ளுபடியில்) விநியோகஸ்தருக்குக் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது பிரதிக்கு 405 ரூபாய். அப்போது 1000 பிரதிப் பதிப்பின் செலவை மீட்க ஏறத்தாழ 470 பிரதிகள் விற்றாக வேண்டும். நாவல் விற்கும் கடையில் 470 பெரிய எண் இல்லை. ஒரே ஓவியரின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களுக்கு அது சில ஆண்டுகளின் விற்பனை.

கலைப் புத்தகத்தின் வாசகர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது பாதி உண்மைதான். சிக்கல் அவர்கள் சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. சென்னையில் 40 பேர், கொச்சியில் 15 பேர், பெங்களூரில் 30 பேர், யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர், பெர்லினிலும் டோக்கியோவிலும் ஓரிருவர் என்று இருப்பவர்களுக்கு ஒரு பொதுவான கடை கிடையாது. சாதாரணப் புத்தக விநியோகம் என்பது ஒரே தலைப்பில் நிறையப் பிரதிகளைக் குறைவான இடங்களுக்கு அனுப்பும் தொழில். கலைப் புத்தகத்துக்கு வேண்டியது நேர்மாறானது: குறைவான பிரதிகளை நிறைய இடங்களுக்கு அனுப்புவது. அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கட்டும் கூலி, தபால் செலவு, பில், நினைவூட்டும் கடிதம் எல்லாம் தனித்தனி.

இந்தத் துறையின் வரலாற்றில் பலரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் எட் ரூஷே, பெட்ரோல் பங்குகளின் 26 புகைப்படங்களை மட்டும் கொண்ட தன் சிறு புத்தகத்தை 1963-இல் தன் சொந்தச் செலவில் வெளியிட்டார். முதல் பதிப்பு 400 பிரதிகள், விலை சில டாலர்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ரூஷே அந்த மறுப்பையே தலைப்பாகப் போட்டு 1964-இல் ஆர்ட்ஃபோரம் கலை இதழில் விளம்பரம் கொடுத்தார்; விநியோக வழி எதுவும் இல்லாதவர் கையில் கிடைத்ததை எப்படி விற்பனைக் கருவியாக்கினார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பயன்படக்கூடியது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டாம் பதிப்பு 1967-இல் 500 பிரதிகள், மூன்றாம் பதிப்பு 1969-இல் 3000 பிரதிகள். ஆறு ஆண்டுகளில் வாசகர் வட்டம் விரிந்த பிறகே எண்ணிக்கை விரிந்தது. அவர் முதல் பதிப்புக்கு மட்டும் கையால் எண் இட்டார், பின்னர் அதை நிறுத்திவிட்டார்; மலிவான, யாரும் வாங்கக்கூடிய பொருளாகவே புத்தகம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த முதல் பதிப்பு இன்று ஏல நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவது வேறு கதை.

1968-இல் நியூயார்க்கில் கலை விற்பனையாளர் செத் சீகலாப், ஏழு கலைஞர்களுக்கு ஆளுக்கு 25 பக்கம் கொடுத்து ஒரு புத்தகம் தொகுத்தார். ஜெராக்ஸ் புத்தகம் என்றே அது அறியப்பட்டாலும், அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் நகல் எடுப்பது கட்டுப்படியாகாததால் 1000 பிரதிகளும் ஆஃப்செட்டில்தான் அச்சாயின. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது: சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சுதான் மலிவு. ஆனாலும் உங்கள் கரிக்கோல் ஓவியங்களுக்கு நான் டிஜிட்டலைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

செய்வதைவிட விற்பதுதான் சிக்கல் என்ற ஒரே விஷயம் 1970-களின் நடுவில் ஒரே சமயத்தில் பல ஊர்களில் புரிந்திருக்கிறது. டொரண்டோவில் ஜெனரல் ஐடியா என்ற கலைஞர் குழு 1974-இல் கலைஞர் புத்தகங்களைச் (கலைஞர்கள் தங்கள் படைப்பாகவே செய்யும் புத்தகங்களை) சேகரித்து விற்க ஆர்ட் மெட்ரோபோலைத் தொடங்கியது. மெக்சிகோவிலிருந்து வந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய உலிசெஸ் கார்ரியோன் 1975-இல் அங்கே கலைஞர் புத்தகங்களுக்கென்றே ஒரு கடை திறந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கலைஞர் சோல் லெவிட், விமர்சகர் லூசி லிப்பார்ட் உள்ளிட்ட சிலர் சேர்ந்து அதே நோக்கத்தோடு பிரிண்டட் மேட்டர் என்ற அமைப்பை நிறுவினார்கள். அவர்கள் முதலில் பதிப்பாளராகவும் விற்பனையாளராகவும் இருக்க நினைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பதிப்பதை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பதிப்பித்ததை விற்பதில் முழுக் கவனத்தையும் செலுத்தினார்கள். புத்தகம் செய்பவர்களுக்குப் பஞ்சமில்லை, அதை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆளில்லை என்பது அவர்களுக்கு விரைவாகவே விளங்கிவிட்டது. 2006-இல் அவர்கள் தொடங்கிய நியூயார்க் கலைப் புத்தகச் சந்தை, பின்னர் பல நகரங்களில் முளைத்த இத்தகைய சந்தைகளுக்கு முன்மாதிரியானது. ஒரு மேசை, நாற்பது தலைப்புகள், மேசைக்குப் பின்னால் புத்தகத்தைச் செய்தவரே நிற்பது: கழிவு இல்லை, திரும்பி வரும் பிரதி இல்லை, பணம் அன்றே கைக்கு வரும்.

இப்போது விநியோகஸ்தர் விஷயம். கலைப் புத்தகங்களுக்கென்றே இயங்கும் பெரிய விநியோக நிறுவனங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஐடியா புக்ஸ், நியூயார்க்கில் 1990 முதல் இயங்கும் டி.ஏ.பி. ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. டி.ஏ.பி. போன்ற பெரிய விநியோகஸ்தருக்குத் தொடர்ந்து தலைப்புகள் வந்துகொண்டிருக்க வேண்டும். புத்தகம் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே அட்டைப் படமும் விவரமும் அவர்களின் பருவகால விலைப்பட்டியலுக்குப் போய்ச் சேர வேண்டும். கடைகளிலிருந்து திரும்பும் பிரதிகளை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு புத்தகத்தோடு வருபவருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. உள்ளூர் விநியோகஸ்தர் ஒருவர் எடுத்துக்கொள்ள முன்வந்தாலும், ‘விற்றால் பணம், இல்லையென்றால் திரும்பும்’ என்ற முறையில்தான் எடுப்பார். திரும்பி வரும் கலைப் புத்தகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முனைகள் மழுங்கி, வெள்ளை அட்டையில் விரல் ரேகை படிந்து, சுற்றுப்பட்டை கிழிந்து வரும். நாவலைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைக்கலாம். ஓவியப் புத்தகம் அழுக்கானால் அது பாதி விலைக்குத்தான் போகும்.

எல்லாப் பிரதிகளையும் ஒரே கிடங்கில் வைப்பதன் ஆபத்துக்கு அண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1969 முதல் இயங்கி வந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன், பெரும்பாலும் கவிதை, இலக்கியச் சிறு பதிப்பகங்களுக்கு விநியோகம் செய்த நிறுவனம், 2024 மார்ச் இறுதியில் முன்னறிவிப்பு எதுவுமின்றி மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான பதிப்பகங்கள் தங்கள் பிரதிகளைக் கிடங்குகளிலிருந்து மீட்கவும், வர வேண்டிய பாக்கிக்கு அலையவும் நேர்ந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்ற நிறுவனத்துக்கே இந்த நிலை. ஆகவே விநியோகஸ்தருக்குக் கொடுப்பதென்றால் 60 அல்லது 80 பிரதிகள் கொடுங்கள், மீதி உங்களிடமே இருக்கட்டும். ‘ஏகபோக விற்பனை உரிமை’ என்ற சொல் இருக்கும் ஒப்பந்தத்தில் ஒற்றைப் புத்தகக்காரர் கையெழுத்திடக் கூடாது.

விநியோகத்தை வேறொரு வழியில் தீர்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னையில் கீதா வுல்ஃப் 1994-இல் நிறுவிய தாரா புக்ஸ், பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து 2006-இல் வெளியிட்ட புத்தகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையால் செய்த தாளில், ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் பட்டறையில், ஒவ்வொரு நிறமாக இழுத்து, காயவைத்து, அடுத்த நிறம் போட்டு உருவாகும் புத்தகம் அது. இந்த வேலையின் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வணிக அமைப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஓவியத்தை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றினால் அதே புத்தகம் இன்னொரு மொழிப் பதிப்பாகிவிடும். ஸ்கிரீன் பிரிண்டில் எழுத்துக்கான திரையை மட்டும் மாற்ற வேண்டும். ஆஃப்செட்டில் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பாளர் தன் மொழிப் பதிப்பை முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, சென்னையிலேயே அச்சிட்டு முடித்த பிரதிகளாக எடுத்துச் செல்கிறார். ஜப்பானியப் பதிப்பு இப்படித்தான் மறுபடி மறுபடி வந்திருக்கிறது. ஒவ்வோர் அச்சுக்கும் அட்டையின் நிறம் மாறும் என்பதால் அங்கே அதைச் சேகரிப்பவர்களும் உண்டு. ஒரே பில், உறுதியான விற்பனை, திரும்பி வருவது கிடையாது, சரக்கைக் கடல் கடத்தும் கவலையில் பாதி வாங்குபவருடையது. உங்கள் புத்தகத்தில் எழுத்து குறைவு என்பதால் இந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. அதற்குத் தயாராக, தமிழ் எழுத்து எதையும் ஓவியத்தின் மேல் படிய வைக்காதீர்கள். எழுத்து முழுவதும் தனிக் கறுப்பில் இருக்கட்டும்.

இன்னொரு பாதை இலங்கையிலிருந்து வருகிறது. நான் மிகவும் மதிப்பதும் அதைத்தான். ஷர்மினி பெரேரா நடத்தும் ரேக்கிங் லீவ்ஸ் லாப நோக்கமற்ற பதிப்பகம். ஏற்கெனவே இருக்கும் ஓவியங்களைத் தொகுத்துப் போடுவதில்லை, புத்தகமாகவே பிறக்க வேண்டிய படைப்பைக் கலைஞரிடம் கேட்டு வாங்குகிறது. 2008-இல் வெளிவந்த அவர்களுடைய ‘தி ஒன் இயர் டிராயிங் புராஜெக்ட்’ என்ற புத்தகத்தில் முகன்னத் காதர், தா. சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நான்கு ஓவியர்கள் ஒருவர் அனுப்பிய ஓவியத்துக்கு மற்றவர் ஓவியத்தால் பதில் எழுதித் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தலைப்பில் ஓராண்டு என்று இருந்தாலும் வேலை 2005 முதல் 2007 வரை நீண்டது. போர்க் காலத்தில் தபால் போகும் வேகமும் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2011-இல் அதே பதிப்பகம் வெளியிட்ட சனாதனனின் ‘முழுமையடையாத தோம்பு’ என்ற புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், வடிவம் எப்படி விநியோகத்தைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. இந்தப் புத்தகமும் அலுவலகக் கோப்பின் வடிவில்தான் இருக்கிறது. போரால் வீட்டை இழந்த 80 தமிழ், முஸ்லிம் மக்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுத் தரைப்படம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்த படம், சனாதனனின் பேஸ்டல் ஓவியம் ஆகியவை அவர்கள் சொன்ன கதைகளோடு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கோணல்மாணலான கிணறும் மாமரமும் அடுத்த பக்கத்தில் நேர்கோடுகளாக மாறுவதைப் பார்ப்பதற்கு ஓவியக் கூடம் தேவையில்லை. பக்கத்தைத் திருப்பும் கை போதும். இத்தகைய புத்தகத்தை அருங்காட்சியகக் கடை வாங்கும், கட்டடக்கலை நூலகம் வாங்கும், இடப்பெயர்வை ஆராயும் பல்கலைக்கழகத் துறை வாங்கும். கண்காட்சி முடிந்ததும் செத்துப்போகும் கேட்டலாகுக்கு இந்த மூன்று வழிகளும் இல்லை. உங்கள் தொகுப்பு கேட்டலாகாகத்தான் இருக்கிறது என்று தோன்றினால், அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியங்களின் வரிசையை மறுபடி யோசிப்பதில் ஒரு மாதம் செலவிடுவது 70,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடுவதைவிட நல்லது.

தயாரிப்பு பற்றி நான் சொல்லப்போவதும் விநியோகத்தை மனதில் வைத்துத்தான். கரிக்கோலின் கறுப்பு, பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் ஆழமாக நிற்கும், ஆனால் கரியின் தூள்தன்மை போய்விடும். பூச்சில்லாத தாளில் தூள்தன்மை இருக்கும், ஆனால் மை தாளுக்குள் பரவிச் சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒரு படி இருண்டுவிடும். இதைச் சரிசெய்ய, கறுப்போடு ஒரு சாம்பல் மையையும் சேர்த்து இரண்டு பிளேட்டில் அச்சிடுவார்கள்; டிஜிட்டலில் இந்த வசதி பொதுவாகக் கிடைக்காது, நடுத்தரச் சாம்பல்கள் தட்டையாகிவிடும் என்பதால்தான் அதை வேண்டாம் என்றேன். ஆர்ட் பேப்பருக்கு இன்னொரு குறை உண்டு: மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிடும், பிரிக்கவே முடியாது. விற்காத 600 பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைப்பதாக இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள். சதுர வடிவம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அச்சுத் தாளில் கணிசமாக வீணாகும். கிரவுன் கால் அளவை (கிரவுன் தாளில் நாலில் ஒரு பங்கு) ஒட்டி அமைத்தால் மிச்சமாகும் பணத்தில் தையல் பைண்டிங் செய்துகொள்ளலாம். ஓவியப் புத்தகம் விரித்தால் தட்டையாக விரிய வேண்டும். பசை மட்டும் போட்ட முதுகு ஓவியத்தின் நடுவை விழுங்கிவிடும், நாளடைவில் தாளையும் உதிர்க்கும்.

எடையை 500 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பதிவு செய்த புத்தகத் தபாலை இந்திய அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியதும் சிறு பதிப்பாளர்கள் திணறினார்கள். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற பெயரில் ஒரு சேவை தொடங்கியது, 300 கிராமுக்கு 20 ரூபாயில் ஆரம்பித்து 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. அது தரைவழிப் போக்குவரத்து என்பதால் மெதுவாகப் போகும், கலைப் புத்தகம் வாங்குபவருக்கு அவசரம் இருப்பதில்லை. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், காசு கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியாக வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. நூலக ஆணையை, அதாவது அரசு நூலகங்கள் மொத்தமாகப் புத்தகம் வாங்குவதை, நம்பித் தமிழில் பல பதிப்பகங்கள் நிற்கின்றன என்பது உண்மைதான். அதில் கிடைக்கும் விலை இரண்டு பிளேட்டில் அச்சான ஓவியப் புத்தகத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

இனி 400 பிரதிகளையும் எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். 25 பிரதிகளைச் சிறப்புப் பதிப்பாக ஒதுக்குங்கள்: ஒரு சிறிய அசல் அச்சோவியம் உள்ளே வைத்து, கையெழுத்திட்டு, 5000 ரூபாய் விலையில் முன்பதிவுக்கு விடுங்கள். அவை விற்றால் 1,25,000 ரூபாய், அச்சுச் செலவு அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் ஓவியங்களை ஏற்கெனவே வாங்கியவர்கள்தான் இதற்கு முதல் வாடிக்கையாளர்கள். விலையை உயர்த்தி எண்ணிக்கையைக் குறைப்பது ரூஷேயின் எண்ணத்துக்கு எதிரானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மீதிப் பிரதிகளை 900 ரூபாய்க்கு விற்க இந்த 25 பிரதிகள்தான் இடம் தருகின்றன. 30 பிரதிகள் விமர்சகர்கள், நூலகங்கள், உங்களோடு வேலை செய்தவர்களுக்குப் போகும். 70 பிரதிகளை ஏழெட்டுக் கடைகளுக்குப் பத்துப் பத்தாக அனுப்புங்கள், 40 சதவீதக் கழிவில், முடிந்தவரை ரொக்கத்துக்கு. சரக்காக வைக்கச் சொன்னால் ஐந்து பிரதிக்கு மேல் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கேளுங்கள். 60 பிரதிகள் விநியோகஸ்தருக்கு. சென்னைப் புத்தகக் காட்சியில் தனி அரங்கு எடுப்பது ஒற்றைப் புத்தகத்துக்கு நஷ்டம். இலக்கியப் பதிப்பகம் ஒன்றின் அரங்கில் இரண்டு பிரதிகளைப் பார்வைக்கு வைக்கச் சொல்லுங்கள், ஒன்றின் மேல் ‘மாதிரி’ என்று எழுதி. எல்லாரும் புரட்டிப் பார்க்க அந்த மாதிரி இல்லாவிட்டால் விற்பனைப் பிரதிகள் அழுக்காகும்.

மீதம் இருக்கும் 215 பிரதிகளில் 190 உங்கள் நேரடி விற்பனைக்கு, 25 தொடாமல் எடுத்து வைக்க. அடுத்த பத்தாண்டில் ஒரு அருங்காட்சியகமோ வெளிநாட்டுப் பதிப்பாளரோ பிரதி கேட்கும்போது கையில் இருக்க வேண்டியவை அவை. பிளேட்டுகளைச் சிவகாசியில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், அச்சுக்கு அனுப்பிய இறுதிக் கோப்புகளையும் சாம்பல் மையின் எண்ணையும் அச்சகத்திடமிருந்து எழுதி வாங்கி அவற்றோடு சேர்த்து வையுங்கள். மறு அச்சு தேவைப்பட்டால் அந்த எண் இல்லாமல் அதே சாம்பலைக் கொண்டுவர முடியாது.